தேன்பெட்டி வாசலில் குளவி: நம் தேனீக்களை எவ்வாறு காப்போம்?

பாடத்தின் நோக்கம்

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது நாம் நான்கு விடயங்களை அறிந்திருக்க வேண்டும்.

1. தேனீயைத் தாக்கும் குளவியை மற்றக் குளவிகளிலிருந்து பிரித்தறிதல்.
2. குளவியால் ஒரு தேனீக் கூட்டம் எவ்வாறு அழிகிறது என்பதை விளங்கிக்கொள்ளல்.
3. பணச் செலவு அதிகமின்றிப் பெட்டியைக் காக்கும் வழிகள்.
4. குளவிக் கூட்டினால் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நேரக்கூடிய ஆபத்தைத் தவிர்த்தல்.

குழுவாகக் கூடும் இடங்களில் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நிறுத்திக் கதைத்துக்கொள்வது நல்லது.

ஏன் இந்தப் பாடம்?

மன்னார்த் தீவிலும் எதிரே உள்ள கரையோரக் கிராமங்களிலும் இடப்பெயர்வை அறியாத விவசாயக் குடும்பம் அரிது. 1990ஆம் ஆண்டில் வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். 2007 முதல் 2009 வரை ஊர் ஊராக நகர்ந்து, செட்டிக்குளம் முகாம்களில் தங்கி, பின்னர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். தம் சொந்தக் காணிக்கு இன்னமும் போக முடியாமல் உறவினர் வளவில் குடிசை போட்டு இருப்பவர்களும் இருக்கிறார்கள். வயல் இல்லாத விவசாயி என்ன செய்வது என்பதே இவர்களின் கேள்வி.

இக்கேள்விக்குத் தேனீ முழு விடை ஆகாது. எனினும் ஒரு சிறு விடையாவது ஆகும். ஒரு தேன்பெட்டிக்கு வேண்டிய நிலம், ஒரு சாக்கு விரிக்கக்கூடிய இடம் மட்டுமே. மேய்ச்சலைத் தேனீ தானே தேடிக்கொள்ளும். அது வேலி பார்ப்பதில்லை, உறுதி கேட்பதில்லை. நம் பகுதியில் பனை, தென்னை, வேம்பு, முருங்கை, புளி, இலந்தை என மரங்கள் உண்டு. களப்போரங்களில் கண்டல் உண்டு. தோட்டத்தில் எள்ளும் பூசணியும் வெள்ளரியும் உண்டு. இவற்றின் பூக்களுக்குத் தேனீ போனால் நமக்குத் தேன் கிடைக்கும். பூசணியும் வெள்ளரியும் நன்றாகக் காய்க்கும். பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குக் கொண்டுபோக ஒருவர் வேண்டும். அந்த வேலையைத் தேனீ கூலியின்றிச் செய்கிறது.

ஆனால், கடன்பட்டு வாங்கிய பெட்டி சில மாதங்களில் வெறும் பெட்டியாக நின்றுவிட்டால் என்ன ஆகும்? கடன் நிற்கும், தேனீ இராது. பெட்டி வெறுமையாவதற்குக் காரணங்கள் பல. எறும்பு, மெழுகு அந்து, பட்டினி, வெயில் ஆகியவை அவற்றுள் சில. இன்று நாம் அவற்றுள் ஒன்றான குளவியைப் பற்றி நோக்குவோம்.

எந்தக் குளவி?

நம் மக்கள் குளவி என்ற ஒரே பெயரால் பல பூச்சிகளை அழைக்கிறார்கள். எல்லாம் தேனீக்கு எதிரி அல்ல.

வீட்டுச் சுவரிலும் கதவு மூலையிலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் மெல்லிய இடையுள்ள குளவி, சிலந்தியையோ புழுவையோ பிடித்துத் தன் குஞ்சுக்கு வைக்கும். அது தனித்து வாழ்வது. அதனால் தேனீக்குத் தீங்கில்லை. அதைக் கொல்ல வேண்டியதில்லை.

கூரை முகட்டின் கீழ், மூடாத சிறு கூடு கட்டி, பத்து இருபதாகச் சேர்ந்திருக்கும் குளவிகளும் பெரும்பாலும் மயிர்க்கொட்டிகளையும் புழுக்களையும் பிடிப்பவை. தோட்டக்காரருக்கு அவை துணை.

தேன்பெட்டிக்கு ஆபத்தானவை பெருங்குளவிகள். இலங்கையில் இவற்றில் இரண்டு வகையை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, விஞ்ஞானிகள் வெஸ்பா அபினிஸ் என அழைப்பது. இதன் வயிற்றின் முன்பாதி மஞ்சளாகவும் பின்பாதி கறுப்பாகவும் இருக்கும். மரக் கிளையிலும், பற்றையிலும், கட்டடத்தின் முகட்டிலும் காகிதம் போன்ற பெரிய கூடு கட்டும். மரத்தைச் சுரண்டி, எச்சிலுடன் மென்று, அதையே தகடாக்கிக் கட்டுகிறது. கூட்டின் உள்ளே அடுக்கடுக்காக வதைகள், வெளியே மூடிய உறை, ஒரு வாசல்.

இரண்டாவது, வெஸ்பா திரொபிக்கா என்பது. உடல் கரும்பழுப்பு, வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டை ஒன்று தெரியும். இது உருவில் மேலும் பெரியது. மரப் பொந்து, நிலத்தடிக் குழி போன்ற மறைவான இடத்தில் கூடு வைக்கும். மற்றக் குளவிகளின் கூட்டைக் கொள்ளையிடுவதே இதன் முக்கிய தொழில். ஆயினும் தேனீயையும் விடாது.

நம் பெட்டித் தேனீ சுமார் ஒரு சென்ரிமீற்றர் நீளம். இக்குளவிகள் இரண்டு முதல் மூன்று சென்ரிமீற்றர் வரை நீளம். ஒன்றுக்கு ஒன்று நின்றால் தேனீ வெல்ல முடியாது.

இவ்விரு குளவியும் வெளிநாட்டிலிருந்து வந்தவை அல்ல. நம் தேனீயும் இவையும் இதே நிலத்தில் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்பவை. இதை மனங்கொள்க, ஏன் என்பது பின்னர் விளங்கும்.

குளவி எவ்வாறு வேட்டையாடுகிறது?

பெட்டி வாசலுக்குச் சற்று முன்னே, காற்றில் ஓரிடத்தில் நின்றபடி குளவி பறக்கும். அதன் முகம் வெளியிலிருந்து திரும்பி வரும் தேனீயை நோக்கியிருக்கும். பூந்தேனும் மகரந்தமும் சுமந்து களைத்து வரும் தேனீயைச் சட்டெனப் பிடிக்கும். அருகிலுள்ள கிளையில் போய்த் தொங்கி, தலையையும் சிறகையும் காலையும் வயிற்றையும் வெட்டித் தள்ளும். பறக்கும் தசை நிறைந்த நெஞ்சுப் பகுதியை மட்டும் உருண்டையாக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

அந்த இறைச்சி தனக்கன்று, கூட்டிலுள்ள புழுக்களுக்கு. வளர்ந்த குளவி இனிப்பான நீரையே குடித்து வாழும். பழச்சாறும் மரப்பாலும் அதற்குப் பிடிக்கும். கள்ளு முட்டியைக் குளவி சுற்றுவதைச் சீவல் தொழிலாளர் அறிவர். இறைச்சி உண்ட புழுக்கள் இனிப்பான ஒரு நீரைக் கக்க, அதையும் பெரிய குளவிகள் பருகும். ஆகவே கூட்டில் புழுக்கள் பெருகப் பெருக, வேட்டையும் பெருகும்.

உண்மையான நட்டம் எங்கே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குளவி ஒரு நாளில் பத்துத் தேனீயைப் பிடிக்கிறது என வைத்துக்கொள்வோம். ஐந்து குளவிகள் வந்தால் நாளொன்றுக்கு 50, மாதத்தில் 1,500. இது சிறு தொகையன்று. ஆனால், பலமான கூட்டத்தில் பல ஆயிரம் தேனீக்கள் உண்டு. நல்ல இராணி நாள்தோறும் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். இந்த இழப்பை மட்டும் அது ஈடுசெய்துவிடும்.

அப்படியாயின் கூட்டம் ஏன் அழிகிறது? பயத்தினால்.

வாசலில் குளவி நிற்கும்போது தேனீக்கள் வெளியே போவதைக் குறைத்துவிடுகின்றன. சில வேளை முற்றாகவே நிறுத்திவிடுகின்றன. பூ பூத்திருக்கும், தேன் ஊறியிருக்கும், ஆனால் எடுக்கப் போவார் இல்லை. வெளியே போன சிலவும் வாசலுக்கு வர அஞ்சும். உள்ளே சேமிப்புக் கரையும். மகரந்தம் வராததால் புழுக்களுக்கு உணவில்லை. உணவு குறைந்தால் இராணி முட்டை இடுவதைக் குறைக்கும். தேனீ குறைந்த வதைகளில் மெழுகு அந்து குடியேறும். இறுதியில் ஒரு நாள் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்து போய்விடும். நம் நாட்டுத் தேனீ இவ்விதம் இடம்விட்டுப் போகும் இயல்பு மிகுந்தது.

வாசலில் ஆபத்து நிற்கும்போது வயலுக்குப் போக முடியாத நிலை எப்படிப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லப்பட்டோர் தொகையால் மட்டும் அழிவை அளக்க முடியாது. விதைக்கப்படாத போகங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தேனீக்கும் அப்படியே.

மன்னாரில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையே. அதன்பின் சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிலம் வரண்டு பூ குறையும். பூக்காலத்தில் தேனீ சேர்ப்பதே அந்த வரட்சிக்கு அதன் கையிருப்பு. பூக்காலத்தில் குளவி மறித்தால் வரட்சிக் காலத்தில் கூட்டம் விழும். காரணம் ஒரு மாதத்தில். விளைவு வேறு மாதத்தில். எனவேதான் பலர் பெட்டி வெறுமையானதற்கு வெயிலை மட்டும் குறை சொல்கிறார்கள்.

தேனீயும் சும்மா இருப்பதில்லை

நம் நாட்டுப் பெட்டித் தேனீயை விஞ்ஞானிகள் ஏப்பிஸ் செரானா என்பர். இது ஆசியாவின் தேனீ. நெடுங்காலம் குளவியோடு வாழ்ந்ததால் அது சில தற்காப்பு வழிகளைக் கைக்கொண்டுள்ளது.

குளவி அணுகும்போது வாசலிலுள்ள தேனீக்கள் ஒன்றாக உடலை அசைக்கும். அலை அடிப்பதுபோலத் தோன்றும். "உன்னைக் கண்டுவிட்டோம்" என்று குளவிக்குச் சொல்வதுபோல இது அமைகிறது.

குளவி மேலும் நெருங்கினால் நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்து பந்தாக மூடிக்கொள்ளும். கொட்டுவதை விட வேறொன்றைச் செய்யும். சிறகுத் தசையை அதிரச் செய்து வெப்பத்தை உண்டாக்கும். பந்தின் நடுவே வெப்பம் சுமார் 46, 47 பாகை செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டிலும் மூச்சுக் காற்றின் நெருக்கத்திலும் குளவி இறந்துவிடும். தேனீயோ அதைவிடச் சற்றுக் கூடிய சூட்டையும் தாங்கும். யப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் இதை விரிவாக எழுதினர். ஒரு தேனீயால் முடியாததை ஒரு கூட்டம் செய்கிறது.

வியட்நாமில் இதே தேனீ இனம், விலங்குச் சாணத்தைச் சிறு சிறு துளியாக வாசலைச் சுற்றி அப்பி வைப்பதாக 2020இல் ஆய்வொன்று வெளிவந்தது. அங்குள்ள பெருங்குளவி வாசலைக் கடித்து அகலமாக்குவதை அது தடுக்கிறது.

இங்கே ஒரு பாடம் உண்டு. பந்தாக மூடுவதற்கு ஆட்பலம் வேண்டும். பலமான கூட்டம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பலவீனமான கூட்டமே குளவிக்கு இரையாகும். எனவே குளவியிலிருந்து காக்கும் முதல் வழி, கூட்டத்தைப் பலமாக வைத்திருப்பதே.

பிற நாடுகளில் நடந்தது

நம் குளவி நாட்டுக் குளவி என்றோம். அந்நியக் குளவி ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிற நாடுகளில் காணலாம்.

2004ஆம் ஆண்டில் பிரான்சின் தென்மேற்கில் ஓர் ஆசியக் குளவி கண்டறியப்பட்டது. கால் நுனி மஞ்சளாக இருப்பதால் அதை மஞ்சட்கால் குளவி என்பர். சீனாவிலிருந்து கப்பலில் வந்த மட்பாண்டங்களோடு அது வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. கருவுற்ற ஒரே ஓர் இராணியின் வழித்தோன்றல்களாகவே அங்குள்ளவை இருக்கக்கூடும் என மரபணு ஆய்வுகள் காட்டின. அந்த ஒன்றிலிருந்து அது 2010இல் ஸ்பெயினுக்கும், 2011இல் போர்த்துக்கல்லுக்கும், 2014இல் ஜேர்மனிக்கும், 2016இல் பிரித்தானியாவுக்கும் பரவியது. தென்கொரியாவில் 2003இலும், யப்பானின் சுஷிமா தீவில் 2012இலும், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 2023இலும் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவில் வளர்க்கப்படும் தேனீ வேறு இனம். அது இக்குளவியை முன்னர் அறியாதது. பந்தாக மூடிக் கொல்லும் கலையை நன்கு கைக்கொள்ளாதது. ஆகவே அங்கே நட்டம் பெரிது.

வேறொரு பெரிய குளவி 2019இல் கனடாவின் வன்கூவர் தீவிலும், அதே ஆண்டு அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்திலும் காணப்பட்டது. அங்கே பொதுமக்கள் கண்டதை அறிவித்தார்கள். அதிகாரிகள் குளவியைப் பிடித்து, அதன் உடலில் மிகச் சிறிய வானொலிக் கருவியைக் கட்டி விட்டு, அது பறந்துபோன வழியே சென்று 2020இல் கூட்டைக் கண்டுபிடித்தனர். தொடர்ந்து தேடி, 2024 டிசம்பரில் அக்குளவி அமெரிக்காவிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவித்தனர். தொடக்கத்திலேயே கண்டதும் அறிவித்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தன.

நாம் மேலே சொன்ன மஞ்சள் பட்டைக் குளவி, வெஸ்பா திரொபிக்கா, பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவில் 2016இல் அந்நியப் பூச்சியாகக் கண்டறியப்பட்டது. நமக்கு நாட்டுக் குளவி. அவர்களுக்கு வந்தேறிய பகை. பூச்சி ஒன்றே, இடம் மாறினால் விளைவு மாறுகிறது.

மன்னார் கடலோரத்தில் வாழும் நமக்கு இது பொருந்தும். இங்கிருந்து இந்தியா கூப்பிடு தூரம். அங்கிருந்து தேனீக் கூட்டத்தையோ பழைய வதையையோ பாவித்த பெட்டியையோ எவரும் அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரசு நோய் பரவியபோது, கேரளத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பெட்டித் தேனீக்களில் மிகப் பெரும் பகுதி அழிந்தது. தேன் வளர்ப்பை நம்பியிருந்த கன்னியாகுமரி மாவட்டக் குடும்பங்களும் பெரும் இழப்பைச் சந்தித்தன. குளவி கண்ணுக்குத் தெரியும், நோய் தெரியாது. இரண்டும் ஒரு பெட்டிக்குள் ஒளிந்து வரலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. வாசலைச் சிறிதாக்குதல். தேனீ தாராளமாகப் போய்வரவும் குளவி நுழையாமலிருக்கவும் வாசலின் உயரம் சுமார் அரைச் சென்ரிமீற்றர் போதும். ஒரு மரக் கீலத்தில் அந்த அளவு பிளவு வைத்து வாசலில் பொருத்தலாம். பொருத்திய பின் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மகரந்தம் சுமந்து வரும் தேனீ இடறாமல் போகிறதா? நெருக்கமானால் சற்றே அகட்டுங்கள். பெட்டியில் வேறு வெடிப்பு இருந்தால் களிமண்ணும் சாணமும் குழைத்து அடையுங்கள். குளவி முன்வாசலை விட்டுப் பின்வாசலைத் தேடும்.

2. காவல் நிற்றல். குளவி வரும் நாட்களில் காலையும் மாலையும் பெட்டியடியில் நின்று, பறந்து நிற்கும் குளவியை ஈர்க்குக் கட்டினாலோ பழைய பந்தடி மட்டையினாலோ அடிக்கலாம். தொடக்கத்தில் வருபவை சிலவே. அவற்றை விட்டுவிட்டால் நாளுக்கு நாள் கூடுதலாக வரும். பெட்டியின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வாசலுக்கு நேரே நின்றால் தேனீயும் நம்மைக் கொட்டும். இது பெட்டியடியில் மட்டும் செய்ய வேண்டியது. குளவிக் கூட்டின் அருகே ஒருபோதும் செய்யக் கூடாது.

3. போத்தல் பொறி. வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகுங்கள். உள்ளே சிறிது புளித்த கள்ளையும் நசுக்கிய பழத்தையும் இடுங்கள். தேன் இடக் கூடாது. தேனீயே வந்து விழும். சிறு பூச்சிகள் தப்பிப் போக, பக்கத்தில் ஈர்க்குக் கனத்தில் சில துளை இடுங்கள். பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள். நாள்தோறும் பாருங்கள். குளவி விழாமல் வேறு பூச்சிகளே விழுந்தால் பொறியை எடுத்துவிடுங்கள். பொறி துணையே அன்றிக் காவலுக்கு ஈடாகாது.

4. சீனிப்பாகு கொடுப்பதில் கவனம். பூவில்லாக் காலத்தில் சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்து கொடுப்பது நல்லது. ஆனால் மாலை மங்கியபின், பெட்டிக்கு உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். வெளியே தட்டில் வைத்தாலோ சிந்தினாலோ எறும்பும் குளவியும் வழி கண்டுவிடும். தேன் எடுக்கும் நாளில் வதைத் துண்டுகளைப் பெட்டியடியில் எறியாதீர்கள்.

5. கூட்டத்தைப் பலப்படுத்தல். பெட்டிக்குக் கிடுகாலோ பனையோலையாலோ நிழல் அமையுங்கள். வாசல் சோளகக் காற்றுக்கு எதிரே இராதபடி வையுங்கள். கால்களைப் பேணியில் நிறுத்தி, பேணியில் தண்ணீரோ கழிவு எண்ணெயோ விட்டால் எறும்பு ஏறாது. அருகில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தேனீ அமர்ந்து குடிக்கச் சிறு குச்சிகளை மிதக்க விடுங்கள். தேனீ மூடாத வெறும் வதைகளை அகற்றுங்கள். அவை மெழுகு அந்துக்கே இடமாகும். தேன் முழுவதையும் எடுக்காமல் வரட்சிக்குப் போதியதை விடுங்கள்.

6. எழுதி வைத்தல். ஒரு பழைய கொப்பியில், நாளுக்கு ஒரு முறை பத்து நிமிடம் பார்த்து எத்தனை குளவி வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தத் திசைக்குப் போனது என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இதைச் செய்யலாம். இரண்டு மூன்று வளவுகளில் எழுதியதை ஒப்பிட்டால், குளவி போகும் திசைகள் சந்திக்கும் இடத்தில் அதன் கூடு இருக்கும். வொஷிங்ரனில் கருவி கொண்டு செய்ததை நாம் கண்ணாலும் கொப்பியாலும் ஓரளவு செய்யலாம்.

குளவிக் கூடு: மிகுந்த கவனம் தேவை

போரின்பின் திரும்பிய பலர், ஆண்டுக் கணக்கில் ஆளின்றிக் கிடந்த வளவுகளுக்கே திரும்பினார்கள். பற்றை மூடிய காணி, கூரையற்ற வீடு, பாழ்ங்கிணறு ஆகிய மூன்றும் குளவி விரும்பும் இடங்கள். காடு வெட்டுமுன் ஒருவர் சற்றுத் தூரத்தில் நின்று, பற்றையைக் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். ஒரே இடத்துக்குக் குளவிகள் போய்வந்தால் அங்கே கூடு உண்டு.

கூடு ஆரம்பத்தில் ஒரே இராணியால் தேசிக்காய் அளவில் கட்டப்படும். பின்னர் பனங்காய் அளவாகி, அதையும் மிஞ்சி வளரும். அதிகக் குளவிகள் சேருமுன் காண்பதே நன்று. வாரம் ஒரு முறை வீட்டு முகட்டையும் மாட்டுக் கொட்டிலையும் மலசலகூடத்தையும் சுற்றிப் பாருங்கள்.

பெருத்த கூட்டை நாமே அழிக்க முனையக் கூடாது. கல் எறிதல், தீப்பந்தம் பிடித்தல், மண்ணெண்ணெய் ஊற்றுதல் ஆகியவை உயிராபத்தானவை. கிடுகு வேலியும் பனையோலைக் கூரையும் உள்ள ஊரில் ஒரு பந்தம் ஒரு தெருவையே எரித்துவிடும். அடிபட்ட குளவியின் வாடை கூட்டிலுள்ள மற்றவற்றை உசுப்பிவிடும். கூடு ஆட்களும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் இருந்தால் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் அறிவித்து, அனுபவமும் பாதுகாப்பு உடையும் உள்ளவர்களைக் கொண்டு இரவில் அகற்றுவியுங்கள். ஆள் நடமாட்டமற்ற காட்டோரத்தில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். குளவி பயிரைத் தின்னும் புழுக்களையும் பிடிக்கிறது. பெட்டியைக் காப்பதே நம் நோக்கம். குளவி இனத்தை ஒழிப்பது நம் நோக்கம் அன்று.

நஞ்சு கலந்த இறைச்சியைக் குளவிக்கு வைப்பதும் கூடாது. காகம், பூனை, நாய் அனைத்தும் அதை உண்ணும்.

குளவி கொட்டினால் முதலில் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத் துணியை வையுங்கள். பல குளவிகள் கொட்டியிருந்தால், அல்லது வாய், முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு பூசிக் காத்திருக்க வேண்டாம். பல குளவிகள் கொட்டியதால் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு நம் நாட்டில் மரணங்கள் நேர்ந்துள்ளன. வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் குறைந்தாலோ நிறம் கருகினாலோ மீண்டும் வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

பெட்டியை இடம் மாற்ற வேண்டி வந்தால்

குளவித் தொல்லை தாங்க முடியாதபோதும், குடும்பமே வேறிடம் போக நேரும்போதும் பெட்டியை மாற்றலாம். தேனீ தன் வாசல் இருந்த இடத்தை நினைவில் வைத்திருக்கும். பெட்டியை நூறு யார் தள்ளி வைத்தால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து வாசலைத் தேடி மாளும். எனவே ஒன்றில் நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்த வேண்டும். அல்லது இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரேயடியாகக் கொண்டுபோக வேண்டும். தேனீக்கள் யாவும் உள்ளே வந்தபின் இரவில், காற்றுப் போகும் வலைத் துணியால் வாசலை மூடி, சட்டங்கள் ஆடாதபடி கட்டி, மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். புதிய இடத்தில் பெட்டியை வைத்த பின்னரே வாசலைத் திறவுங்கள். வாசல் முன்னே ஓர் இலைக் கொப்பை வைத்தால், இடம் மாறியதை உணர்ந்து தேனீ சுற்றிப் பார்த்துப் பழகும்.

எங்கே உதவி பெறலாம்?

விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளையில், பிந்துனுவெவவில் உள்ளது. அங்கே தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு வாய்ப்புண்டு. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் வழியாகத் தொடர்புகொள்ளலாம். நீங்கள் அறியாத நிறத்தில், அறியாத உருவில் ஒரு குளவியைக் கண்டால், முடிந்தால் படம் எடுத்து அவரிடம் காட்டுங்கள். அந்நியக் குளவியை முதலில் காணக்கூடியவர் வயலிலும் வளவிலும் நிற்பவரே.

சிந்திப்போம், கலந்துரையாடுவோம்

1. நம் ஊரில் குளவி என்று அழைக்கப்படும் பூச்சிகள் எத்தனை வகை? அவற்றுள் தேனீயைப் பிடிப்பது எது? யார் கண்டிருக்கிறார்கள்?
2. நம் குழுவில் வெறுமையாகிப் போன பெட்டிகள் உண்டா? அவை வெறுமையாவதற்கு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?
3. நம் பெட்டிகளின் வாசல் எத்தனை அளவு? இந்த வாரமே அளந்து பார்த்து வருவோமா?
4. குளவி வரும் நாட்களில் அயலவர் முறை வைத்துக் காவல் நிற்க முடியுமா? கூலி வேலைக்குப் போகும் வீட்டின் பெட்டியை யார் பார்ப்பது?
5. பாழடைந்த வளவுகளில் குளவிக் கூடு இருந்தால் அறிவிக்கும் பொறுப்பை யார் ஏற்பது?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் பெட்டி வாசலின் அளவையும், ஒரு வாரக் குளவிக் கணக்கையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். பெட்டி இல்லாதவர்கள், தம் வளவில் இந்த மாதம் பூத்திருக்கும் மரங்களையும் கொடிகளையும் எழுதி வரலாம். அந்தப் பட்டியல், அடுத்த பெட்டியை எந்த வளவில் வைப்பது என்று தீர்மானிக்க நமக்கு உதவும்.